ஆறு நாள் சண்டை, கால் நூற்றாண்டு பாக்கி

2000-ம் ஆண்டு ஜூன் 5. காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கில் உள்ள கிசங்கானி நகரத்துக்குள் இரண்டு ராணுவங்கள் ஒன்றையொன்று பீரங்கியால் தாக்க ஆரம்பித்தன. ஒன்று ருவாண்டா ராணுவம், மற்றொன்று உகாண்டா ராணுவம். காங்கோ ராணுவம் அந்தச் சண்டையில் இல்லவே இல்லை. மக்களுக்கு இரண்டு தரப்புமே அந்நியர்கள். அவர்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கட்டிலுக்கு அடியிலும் கால்வாய்க்குள்ளும் படுத்துக்கொண்டு குண்டுச் சத்தம் ஓயும் வரை காத்திருப்பது.

சத்தம் ஓய ஆறு நாள் ஆனது. அதற்குள் 6,600-க்கும் மேற்பட்ட குண்டுகள் நகரத்தின் மீது விழுந்திருந்தன. பிறகு வந்த ஐ.நா. மதிப்பீட்டுக் குழு எழுதிய கணக்கு இது: பொதுமக்களில் 760-க்கும் அதிகமானோர் சாவு, சுமார் 1,700 பேர் காயம், 4,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதம், குண்டு பாய்ந்த பள்ளிக்கூடங்கள் 69, ஊரைவிட்டு ஓடியவர்கள் 65,000 பேர். பத்து ஆண்டுகள் கழித்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, இறந்தவர்களின் எண்ணிக்கையை 244 முதல் 760 வரை என்றது. இரண்டு எண்களுக்கும் இடையே ஐந்நூறு மனிதர்கள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை எண்ணிப் பதிவு செய்யவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இடைவெளி நம்மைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

இன்று கிசங்கானிக்குப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது போர் அல்ல. பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரம். சந்தை நிரம்பி வழிகிறது. மோட்டார் பைக் டாக்ஸிகளின் ஹாரன் காதைப் பிளக்கிறது. கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். ‘போரிலிருந்து மீண்ட நகரம்’ என்று தலைப்பிட்டுவிட்டு நாமும் நடையைக் கட்டலாம். ஆனால், நகரம் மீள்வதும் அதில் அடிபட்டவர்கள் மீள்வதும் ஒன்றல்ல என்பதற்கு கிசங்கானியைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது கடினம்.

படகு நிற்கும் இடம்

இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே காரணம் ஆறு. தலைநகர் கின்ஷாசாவில் படகேறி காங்கோ ஆற்றை எதிர்த்துக்கொண்டு போனால், ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்குத் தடையே கிடையாது. கிசங்கானி வந்ததும் படகு நின்றே ஆக வேண்டும். அதற்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு ஏழு படிகளாக ஆறு பாறைகளில் விழுந்து வருகிறது. போயோமா அருவிகள் என்று பெயர். அந்த ஏழு படிகளையும் சுற்றிக்கொண்டு போகத்தான் பெல்ஜியர்கள் இங்கிருந்து உபுண்டு வரை 125 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டார்கள். படகு முடிந்து ரயில் தொடங்கும் இடத்தில் கிடங்கு வரும். கிடங்கு வந்தால் வியாபாரி வருவான். வியாபாரி வந்தால் பின்னாலேயே சிப்பாய் வருவான். கிசங்கானியின் வரலாறு மொத்தமும் அந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது.

ஆற்றின் வலது கரையில் ஐந்து வட்டாரங்கள். கடைத்தெரு, அலுவலகங்கள், ஆற்றங்கரையோரம் ரோசரி மாதா பேராலயம் எல்லாம் இந்தப் பக்கம். இடது கரையில் லுபுங்கா என்ற ஆறாவது வட்டாரம். ரயில் நிலையம் அங்கே இருக்கிறது. இரண்டு கரைகளையும் இணைக்கப் பாலம் கிடையாது. பெரிய படகும், குடைமரத் தோணிகளும்தான். ஒரே நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு வேலைக்குப் போக, தினமும் காங்கோ ஆற்றைக் கடக்க வேண்டும்.

கீழ்ப்பக்கத்திலிருந்து படகுகளோடு லிங்காலா மொழி வந்தது. கிழக்கிலிருந்து சான்சிபார் வியாபாரிகளோடு சுவாஹிலி வந்தது. சந்தையில் இரண்டும் கலந்தே காதில் விழும். அந்த சான்சிபார்க்காரர்கள் தந்தமும் அடிமைகளும் தேடி வந்தவர்கள். கூடவே நெல்லையும் கொண்டுவந்தார்கள். அவர்களின் தலைவர் டிப்பு டிப் என்பவரையே 1887-ல் இந்தப் பகுதிக்கு ஆளுநராக நியமித்தார் பெல்ஜிய மன்னர் லியோபோல்டு. அடிமை வியாபாரத்தை ஒழிக்கத்தான் ஆப்பிரிக்காவுக்குள் நுழைவதாக உலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்த அதே லியோபோல்டுதான். டிப்பு டிப் போய்விட்டார், நெல் தங்கிவிட்டது. இன்றும் இந்த வட்டாரத்து அரிசி மூட்டைகள் ஆற்று வழியே கின்ஷாசாவுக்குப் போகின்றன.

கடைசி அருவிக்குப் பக்கத்தில் வகேன்யா மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீன் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். வெள்ளம் சீறிப் பாயும் இடத்தில், பாறையில் உள்ள குழிகளில் முழு மரங்களையே நட்டு, காட்டுக் கொடிகளால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கட்டட வேலைக்குப் போடுவதுபோலப் பெரிய சாரம் அமைக்கிறார்கள். அந்தச் சாரத்திலிருந்து கூம்பு வடிவப் பறிகள் தொங்கும். ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் அளவுக்குப் பெரியவை. பறியின் வாய் ஆறு வரும் திசையைப் பார்த்திருக்கும். உள்ளே போன மீன் தண்ணீரின் வேகத்தை எதிர்த்து வெளியே வர முடியாது. தூண்டில் இல்லை, வலை வீச்சு இல்லை, இரை இல்லை. ஆற்றின் கோபமே அவர்களுக்குக் கருவி. ஆனால் பறியைத் தூக்க ஆள் போக வேண்டுமே! கொடிகளைப் பற்றிக்கொண்டு, கால் நழுவினால் பிழைப்பது சந்தேகம் என்ற இடத்தில் இளைஞர்கள் இறங்கி ஏறுகிறார்கள். வெள்ளத்தில் சாரம் அடித்துக்கொண்டு போனால் மறுபடி கட்டுவார்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் கட்டினார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் வந்தால் படம் எடுக்கக் காசு கேட்கிறார்கள், கேட்கட்டும்.

எத்தனை முறைதான்!

1966 வரை இந்த ஊரின் பெயர் ஸ்டான்லிவில். காங்கோவின் முதல் பிரதமர் பட்ரிஸ் லுமும்பா இங்கே தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1959 அக்டோபரில் அவர் இங்கே பேசிய கூட்டத்தைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, அவர் சிறைக்குப் போனார். 1960 கடைசியில் தலைநகரில் வீட்டுக்காவலிலிருந்து தப்பியபோது அவர் ஓடிவர நினைத்ததும் இந்த ஊருக்குத்தான். வழியில் பிடிபட்டார். 1961 ஜனவரி 17-ல் கட்டாங்காவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடலில் மிஞ்சிய ஒரே ஒரு பல்லை பெல்ஜியம் 2022-ல் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பல் இருந்த பெட்டி கின்ஷாசாவில் அடக்கமாவதற்கு முன்பு கிசங்கானிக்கும் வந்து போனது. அறுபத்தோரு ஆண்டு தாமதமாகத்தான் ஊர் வந்து சேர்ந்தார்.

1964-ல் ‘சிம்பா’ கிளர்ச்சியாளர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். படித்தவர்கள், அரசு ஊழியர்கள் என்று நூற்றுக்கணக்கான காங்கோக்காரர்களை லுமும்பா நினைவிடத்தின் முன்பாகவே கொன்றார்கள். அந்த நவம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்களிலிருந்து பெல்ஜிய பாராசூட் வீரர்கள் குதித்து, பணயக் கைதிகளாக இருந்த வெள்ளையர்களை மீட்டார்கள். மேலை நாட்டுப் புத்தகங்களில் அந்த ஆண்டு என்றாலே பாராசூட்தான். அதற்கு முன்பும் பின்பும் செத்த உள்ளூர்க்காரர்கள் அடிக்குறிப்பில் கிடக்கிறார்கள். 1966, 67-ல் கூலிப்படைக் கலகங்கள். 1973-ல் அந்நியர் கடைகளை எல்லாம் அதிபர் மொபுட்டு பிடுங்கித் தன் ஆட்களுக்குக் கொடுத்தபோது கடைத்தெரு காலியானது. 1997 மார்ச்சில் லோரன் கபிலாவின் கிளர்ச்சிப்படை, ருவாண்டா உதவியுடன் நுழைந்தது. அடுத்த மாதமே, நகரத்துக்குத் தெற்கே ரயில் பாதையோரம் கசேசே, பியாரோ முகாம்களில் இருந்த ருவாண்டா ஹூட்டு அகதிகள் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள்.

1998 ஆகஸ்டில் அடுத்த போர் தொடங்கியது. ருவாண்டாவும் உகாண்டாவும் சேர்ந்து, அதற்குள் அதிபராகிவிட்ட கபிலாவைக் கவிழ்க்கப் படை அனுப்பின. ருவாண்டாவை வழிநடத்திய ககாமே ஒரு காலத்தில் உகாண்டா அதிபர் முசெவெனியின் படையில் உளவு அதிகாரியாக இருந்தவர். தோழர்கள் கூட்டாகத்தான் கிசங்கானியைப் பிடித்தார்கள். இங்கே வைரம் வாங்கும் கடைகள் இருந்தன, காட்டு மரம் இருந்தது, காபி இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளியவர்களுக்குள் எவன் பெண்டாட்டி கை பெரியது என்ற தகராறு வந்தது. 1999 ஆகஸ்டில் முதல் மோதல், 2000 மே மாதம் இரண்டாவது, ஜூனில் மூன்றாவது. கொள்ளை மட்டும் காரணம் அல்ல. எந்தக் கிளர்ச்சிக் குழுவை யார் கையில் வைத்துக்கொள்வது என்ற அரசியலும் இருந்தது. உகாண்டா படை வடக்கிலிருந்து ட்சோப்போ ஆற்றுப் பாலத்தைக் கடந்து வரப் பார்த்தது. ருவாண்டா படை நகர மையத்தில் நின்று தடுத்தது. நடுவே வீடுகள் இருந்தன. கடைசியில் உகாண்டா பின்வாங்கியது, ருவாண்டா ‘வென்றது’.

அதோடும் முடியவில்லை. 2002 மே 14 அன்று ருவாண்டா ஆதரவு ஆட்சிக்கு எதிராகச் சில வீரர்கள் வானொலி நிலையத்தைப் பிடித்துக் கலகம் செய்தார்கள். சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. பிறகு மங்கோபோ வட்டாரத்தில் வீடு வீடாகக் கொலை. பிடிபட்டவர்களை ட்சோப்போ பாலத்துக்குக் கொண்டுபோய்க் கொன்று ஆற்றில் தள்ளினார்கள். அந்தப் பாலத்தின் மேல்தான் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். வேறு பாதை இல்லை.

மெத்தை வைத்த கேரியர்

அந்தப் போர் ஆண்டுகளில் பெட்ரோல் இல்லை. லாரி இல்லை. படகுப் போக்குவரத்து போர்முனையால் துண்டிக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் என்று ஒன்று இல்லை. அப்போது இந்த ஊரை நகர்த்தியது சைக்கிள். ‘தொலேக்கா’ என்று பெயர். பின் கேரியரில் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை, காலை வைத்துக்கொள்ள இரண்டு கம்பிகள். இவ்வளவுதான் டாக்ஸி. ஓட்டுகிறவர் எழுந்து நின்று மிதிப்பார். சந்தைக்குப் போகும் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார். பிரசவ வலியில் துடித்த பெண்களும் அதில்தான் போனார்கள்; பிணமும் அதில்தான் போனது. வேலை போன ஆசிரியர், படிப்பு நின்றுபோன மாணவர், கடை இழந்தவர் எல்லாரும் தொலேக்கா மிதித்தார்கள்.

தூரத்து ஊர்களுக்கு வேறு விதம். சைக்கிளில் யாரும் உட்கார மாட்டார்கள். பனையெண்ணெய் கேன்களும் உப்பு மூட்டையும் கட்டி, ஹேண்டில்பாரில் ஒரு நீளக் கம்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காட்டுப் பாதையில் நாள் கணக்கில் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். போன பாதையில் எண்ணெய் விற்றுத் திரும்பும் பாதையில் சோப்பும் பேட்டரியும். நிபுணர்கள் வந்து ‘மறுசீரமைப்பு’ அறிக்கை எழுதுவதற்கு முன்பே, ஊரின் பொருளாதாரத்தை இந்தக் கால்கள் மறுபடி ஓட வைத்துவிட்டன. என் பார்வையில், போருக்குப் பிந்தைய கிசங்கானிக்குச் சிலை வைப்பதென்றால் அது சைக்கிளுக்குத்தான் வைக்க வேண்டும்.

2000-களின் பிற்பகுதியில் உகாண்டா எல்லை நோக்கிப் போகும் நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை வெளிநாட்டு நிதியில் திறக்கப்பட்டதும் காட்சி மாறியது. கிழக்கு எல்லை வழியாக மோட்டார் பைக்குகள் வந்து குவிந்தன. தொலேக்கா மெல்ல ஒதுங்கியது. சிமெண்ட், பிளாஸ்டிக் சாமான், துணிமணி, மருந்து என்று உகாண்டா வழியாக வருகிற சரக்குதான் கடைகளை நிரப்பியது. குண்டு போட்டவர்களின் நாட்டிலிருந்தே சோப்பும் வருகிறது. வாங்காமல் இருக்க முடியுமா?

சந்தையில் சாப்பாட்டுக் கடையில் ‘லித்துமா’ கேட்டுப் பாருங்கள். வாழைக்காயை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் உலக்கையால் இடித்து, உருண்டை பிடித்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள ஆற்று மீன் குழம்பு அல்லது மரவள்ளி இலையைப் பனையெண்ணெயில் மசித்த கீரை. மழைக்காலத்தில் வறுத்த கம்பளிப்புழுவும் உண்டு; அதற்குத் தனி ரசிகர் கூட்டம். கிசங்கானிக்காரர்கள் கின்ஷாசாவில் குடியேறினாலும் லித்துமாவை விடுவதில்லை.

மின்சாரம்தான் சோதனை. ட்சோப்போ அருவியில் பெல்ஜியர் காலத்தில் கட்டிய அணையில் மூன்று டர்பைன்கள். அணை 1950-களின் ஊருக்காகக் கட்டியது. பத்து லட்சம் பேருக்கு எப்படிப் போதும்? ஒன்று பழுதானாலும் நகரத்தில் பாதி இருட்டு. பெயர் பெற்ற ஜவுளி ஆலையும் மற்ற தொழிற்சாலைகளும் பழைய அளவுக்கு எழவே முடியாததற்குப் போர் ஒரு காரணம் என்றால், இந்த டர்பைன்கள் இன்னொரு காரணம்.

கணக்கைத் தீர்ப்பது யார்?

ஆறு நாள் போர் முடிந்த ஆறே நாளில், 2000 ஜூன் 16 அன்று, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1304-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. கிசங்கானியில் போன உயிர்களுக்கும் சொத்துகளுக்கும் உகாண்டாவும் ருவாண்டாவும் இழப்பீடு தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எவ்வளவு, எப்போது, யார் கையில் என்று எழுதவில்லை.

காங்கோ அரசு தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2005 டிசம்பர் 19 அன்று, உகாண்டாதான் பொறுப்பு, இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ருவாண்டா மீதான வழக்கு 2006 பிப்ரவரி 3-ல் தள்ளுபடியானது. ருவாண்டா செய்தது சரி என்பதால் அல்ல. அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ருவாண்டா ஏற்காததால் அதை விசாரிக்க வழியில்லை என்பதால். ஒரே தெருவில் இரண்டு பக்கமிருந்தும் குண்டு விழுந்தது. ஒரு பக்கத்துக்குத்தான் வழக்கு. எந்தப் பக்கத்துக் குண்டு தன் வீட்டைப் பிளந்தது என்று பார்த்துவைக்க அன்றைக்கு யாருக்குத் தோன்றியிருக்கும்?

தொகை எவ்வளவு என்பதை இரண்டு நாடுகளும் பேசி முடிக்கட்டும் என்று நீதிமன்றம் விட்டது. பத்து ஆண்டுகள் பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. காங்கோ மறுபடி நீதிமன்றப் படியேறி, 1,100 கோடி டாலருக்கு மேல் கேட்டது. 2022 பிப்ரவரி 9-ல் கிடைத்தது 32.5 கோடி டாலர். அதில் 22.5 கோடி உயிருக்கும் உடலுக்கும், 4 கோடி சொத்துக்கு, 6 கோடி கொள்ளைபோன இயற்கை வளத்துக்கு. இது கிசங்கானிக்கு மட்டுமல்ல. உகாண்டா படை இருந்த இட்டூரி உட்பட எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து.

ஏன் இவ்வளவு குறைவு? ஆதாரம் போதாது என்றது நீதிமன்றம். இறப்புச் சான்றிதழ் எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே, மருத்துவமனைச் சீட்டு எங்கே? அலுவலகமே எரிந்த ஊரில், பிணத்தைக் கொல்லைப்புறத்தில் அவசரமாகப் புதைத்த ஊரில், யார் கையில் சீட்டு இருக்கும்! காங்கோ அரசின் வழக்கறிஞர்கள் செய்த வேலையும் அரைகுறைதான். பதினைந்து ஆண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தும் பாதிக்கப்பட்டவர்களின் விவரங்களை ஒழுங்காகத் திரட்டவில்லை. நீதிபதிகள் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட முடியாமல், மொத்தமாக ஒரு தொகை போட்டு முடித்தார்கள். 244-க்கும் 760-க்கும் நடுவே தொலைந்துபோன அந்த ஐந்நூறு பேர் இங்கேயும் தொலைந்தார்கள்.

ஆண்டுக்கு 6.5 கோடி டாலர் வீதம் ஐந்து தவணை. உகாண்டா முதல் தவணையை 2022 செப்டம்பரில் கட்டியது. பணத்தைப் பகிர்ந்துகொடுக்க காங்கோ அரசு ‘ஃபிரிவாவோ’ என்ற சிறப்பு நிதியத்தை ஏற்படுத்தி, கிசங்கானியிலேயே அலுவலகமும் திறந்தது. ஊருக்கு நம்பிக்கை வந்தது. வரிசையும் வந்தது. யார் உண்மையான பாதிக்கப்பட்டவர், யார் இடையில் நுழைந்தவர் என்ற சச்சரவு அதோடு சேர்ந்து வந்தது. நிர்வாகிகள் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன.

அதன் உச்சம் 2025-ல். நீதித்துறை அமைச்சராக இருந்த கான்ஸ்தான் முதாம்பா, கிசங்கானியில் புதிய சிறைச்சாலை கட்டுவதற்காக என்று இந்த நிதியத்தின் பணத்திலிருந்து சுமார் 2 கோடி டாலரை ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிய விவகாரம் வெடித்தது. ஜூனில் பதவி விலகினார். எல்லாம் அரசியல் சதி என்றார். செப்டம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு கட்டாய உழைப்புத் தண்டனை விதித்தது. காங்கோவில் பதவியில் இருந்து இறங்கிய வேகத்தில் ஓர் அமைச்சர் தண்டனை பெறுவது அபூர்வம். அதற்காக அந்த நாட்டு நீதித்துறையைப் பாராட்டலாம். கிசங்கானிக்குப் புதிய சிறை தேவை என்பதும் பொய்யல்ல. அந்த நாட்டுச் சிறைகளின் நெரிசல் கொடுமையானது. ஆனால் காலிழந்தவர்களின் காசில்தானா கம்பி வாங்க வேண்டும்?

கேமராவுக்கு முன்னால்

இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னவர் கிசங்கானியில் 1984-ல் பிறந்த ஆவணப்பட இயக்குநர் டியூடோ ஹமாடி. ஆறு நாள் போரில் கை, கால் இழந்தவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, இழப்பீடு கேட்டு ஆற்று வழியே கின்ஷாசாவுக்குப் போவதை 2020-ல் வெளிவந்த படத்தில் பதிவுசெய்தார். சரக்குப் படகின் மேல்தளத்தில் தார்ப்பாய் கூரை. மழை அடித்தால் எல்லாரும் நனைகிறார்கள். ஊன்றுகோலோடு இருப்பவர்கள் மூட்டைகளுக்கு நடுவே இடம் தேடுகிறார்கள். சண்டை போடுகிறார்கள், பாடுகிறார்கள், சமைக்கிறார்கள். தலைநகரில் நாடாளுமன்ற வாசலில் அவர்களை உள்ளே விடவில்லை. கான் திரைப்பட விழாவின் அதிகாரப்பூர்வத் தேர்வில் இடம்பிடித்த முதல் காங்கோ படம் அது. அந்தப் படத்தில் யாரும் கண்ணீரோடு கேமராவைப் பார்த்து இரக்கம் கேட்கவில்லை. கடன் கொடுத்தவர் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கும் தோரணைதான் அவர்களிடம் இருந்தது.

அவருடைய முந்தைய படங்களில் இரண்டும் இந்த ஊரைப் பற்றியவைதான். ஒன்றில், ஆசிரியர் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்பிலிருந்து விரட்டப்பட்ட மாணவர்கள் ஒரு வீட்டில் கூடிச் சேர்ந்து படித்து அரசுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். இன்னொன்றில், கிசங்கானிக்கு மாற்றலாகி வரும் பெண் போலீஸ் அதிகாரி ஆறு நாள் போரின் விதவைகளைச் சந்திக்கிறார். நடனக் கலைஞர் ஃபவுஸ்தான் லின்யெக்குலா, வெளிநாட்டு மேடைகளில் பெயர் வாங்கிய பிறகும் 2006-ல் தன் கலைக்கூடத்தைத் தலைநகரிலிருந்து இங்கேதான் மாற்றினார்.

இதற்கு முன் கிசங்கானியை எழுதியவர்கள் யார்? 1890-ல் நீராவிப் படகில் வந்துபோன ஜோசப் கான்ராட், 1975-ல் வந்த வி.எஸ். நைபால். இருவரும் மகத்தான எழுத்தாளர்கள். நைபாலின் நாவலில் கதை சொல்பவர் இந்திய வம்சாவளி வியாபாரி என்பதால் நமக்குக் கொஞ்சம் நெருக்கமும்கூட. ஆனால் அவர்கள் இருவருக்கும் இந்த ஊர் அச்சுறுத்தும் இருட்டாகவோ, அழிவின் அடையாளமாகவோதான் தெரிந்தது. ஊர்க்காரர்கள் பின்னணியில் நடமாடும் நிழல்கள். ஹமாடியின் படங்களில் அந்த நிழல்கள் முன்னால் வந்து, ரசீது கேட்கின்றன.

அக்கரையில் புதிய கூடாரங்கள்

பழைய கணக்கு தீராமல் இருக்கும்போதே புதியது சேர்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து நகரத்துக்கு அக்கரையில், லுபுங்கா பக்கத்துக் காடுகளில், எம்போலே, லெங்கோலா என்ற இரண்டு சமூகங்களுக்கு இடையே கொலைகள் நடந்தன. ஒரு தோட்ட நிறுவனத்துக்குக் கொடுத்த நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கிய தகராறு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரைவிட்டு வந்து லுபுங்காவில் பள்ளி வளாகங்களிலும் கூடாரங்களிலும் தங்கின. இந்தச் சண்டையில் அந்நிய ராணுவம் இல்லை. அதனால் தி ஹேக் இல்லை. உலகச் செய்திகளில் இடமும் இல்லை.

கிழக்கில் 2025 ஜனவரியில் கோமாவையும், பிப்ரவரியில் புக்காவுவையும் ருவாண்டா ஆதரவு எம்-23 படை பிடித்தது. மார்ச்சில் வலிக்காலே விழுந்தது. அது கிசங்கானி நோக்கி வரும் மூன்றாம் எண் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். ஏப்ரலில் அங்கிருந்து பின்வாங்கினார்கள். ஆனால் இடைப்பட்ட அந்த வாரங்களில் நாற்பது வயதைக் கடந்த கிசங்கானிக்காரர்களுக்கு எதெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் பெரும்பாலோர் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் போர், ஆண்டுதோறும் ஜூன் 5-ல் நடக்கும் நினைவுக் கூட்டம். அவர்கள் கவலை வேறு: பல்கலைக்கழகக் கட்டணம், கின்ஷாசாவுக்கு விமான டிக்கெட் விலை, இன்று மாலை கரண்ட் இருக்குமா என்பது.

ஒரு செயற்கைக் கால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வளரும் பிள்ளைக்கு அதற்கும் முன்பாகவே மாற்ற வேண்டும். 2000 ஜூனில் பத்து வயதில் காலை இழந்த ஒரு சிறுமிக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். இதுவரை ஏழெட்டுக் கால்களாவது தேவைப்பட்டிருக்கும். சர்வதேச நீதிமன்றம் குறித்த ஐந்தாவது, கடைசித் தவணையின் தேதி 2026 செப்டம்பர் 1. ருவாண்டாவுக்குத் தேதி எதுவும் குறிக்கப்படவில்லை.